பாலத்துக்கு ஒரு போர்வை

(பத்தாம் வகுப்பு மாணவி)

இரும்பு வலிமையானது. அந்த இரும்பையும் தின்றுவிடும் பகைவன் துரு. நீரும் ஆக்ஸிஜனும் இரும்புடன் சேரும்போது துரு உண்டாகிறது. உப்பும் கலந்தால் அதன் வேகம் மிகுதியாகும். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வாழும் நமக்கு உப்புக்காற்றின் கொடுமை தெரியாது. 1985-ஆம் ஆண்டு வரை நாமும் சேர்ந்திருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள பாம்பன் பாலத்தைக் கேட்டால் சொல்லும்!

24-2-1914 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலம் நூறாண்டுகளுக்கு மேல் கடலின் நடுவே நின்றது. ஓயாமல் வர்ணம் பூசியும் துரு விடவில்லை. 2022 டிசம்பரில் பயணிகளின் பாதுகாப்புக் கருதி ரயில்கள் நிறுத்தப்பட்டன. 6-4-2025 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் சிறப்புப் பூச்சு பூசப்பட்டுள்ளது. இதைப் போலவே வெயிலையும் மழையையும் தாங்கும் மற்றொரு பூச்சு, ஃபுளூரின் கலந்த பிசின்.

சாதாரண வர்ணம் ஏன் வெளுக்கிறது? மோல் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் ஆற்றல் உடையது. கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்கச் சுமார் 350 கிலோஜூலே போதும். ஆகவே வர்ணம் பொடியாக உதிர்கிறது. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பை முறிக்கவோ சுமார் 485 கிலோஜூல் வேண்டும். கதிரவன் தோற்றுப் போகிறான்!

இவ்வகைப் பிசின்களில் ஒன்றான டெஃப்லானை 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டார். 1960-களில் வந்த ஃபுளூரின் வர்ணங்களைச் சூளையில் வைத்துச் சுட வேண்டியிருந்தது. பாலத்தைச் சூளையில் வைக்க முடியுமா? 1982-ஆம் ஆண்டு ஜப்பானியர் சாதாரண வெப்பநிலையிலேயே உலரும் வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அகாஷி தொங்குபாலத்தின் மேற்பூச்சு ஃபுளூரின் பிசினே.

மேற்பூச்சு மட்டும் போதாது. அடியில் துத்தநாகப் பூச்சு. அது தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நடுவில் எபாக்ஸி, அது நீரைத் தடுக்கும், ஆனால் வெயிலைத் தாங்காது. மேலே ஃபுளூரின் பிசின், வெயிலைத் தாங்கி எபாக்ஸியைக் காக்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் பாலம் பிழைக்கும்.

ஆனால் தோழியரே, ஒரு கவலையும் உண்டு. அழியாத தன்மை பாலத்தின்மேல் நன்மை. மண்ணிலும் நீரிலும் அதுவே தீமை. இப்பிசின்களைச் செய்யும்போது பயன்படும் சில ஃபுளூரின் சேர்மங்கள் ஆற்றுநீரில் கலந்து, மக்களின் இரத்தத்திலும் காணப்பட்டுள்ளன. அதனால் பல நாடுகள் அவற்றுக்குத் தடை விதித்து வருகின்றன.

இரும்பையும் காக்க வேண்டும், நீரையும் காக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. நம்முள் சிலரேனும் அங்கே சென்று, இரண்டையும் காக்கும் பூச்சு ஒன்றைக் கண்டுபிடிப்போமாக!