கம்பித் தட்டு எவ்வளவு பாரம் தாங்கும்?

நூற்கட்டுகளைத் தரையில் அடுக்கினால் ஈரம் ஏறும்; கரையானும் சேரும். ஆகவே பற்றவைத்த கம்பித் தட்டுகளில் அடுக்குவது நல்ல பழக்கமே. ஆனால் தட்டு முறிந்தால் கெடுவது அங்கத்தினர்களின் பொதுச் சொத்து. கீழே நிற்பவருக்கும் ஆபத்து. வாங்குமுன் அதன் பலத்தை அறியும் வழியைக் கற்றுக்கொள்வோம்.

சமயநல்லூரில் ஒரு சங்கக் கிடங்கு இருப்பதாகக் கொள்வோம். 8 கம்பிகள் கொண்ட தட்டின்மீது 40 கிலோ நூல் சமமாகப் பரப்பப்படுகிறது. கம்பியின் கனம் 4 மில்லிமீட்டர். இரு ஓரத் தாங்கிகளுக்கும் இடையே 60 சென்டிமீட்டர். ஒவ்வொரு கம்பிக்கும் வரும் பங்கு 5 கிலோ. இதனால் கம்பியின் நடுவில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 585 நியூட்டன் தகைவு உண்டாகிறது. சாதாரண மென்னெஃகோ 250 அளவைத் தாண்டினாலே நிரந்தரமாக வளைந்துவிடும். 5 மில்லிமீட்டர் கம்பி இட்டாலும் தகைவு 300, அதுவும் போதாது. மாறாக, பழைய கம்பிக்கே நடுவில் தளராத குறுக்குத் தாங்கி ஒன்று கொடுத்தால், தகைவு 146 ஆகக் குறைகிறது. கனத்தைக் கூட்டுவதினும் இடைவெளியைக் குறைப்பதே இங்கு மேலானது.

ஒரு கம்பிக்குக் கைக்கணக்கு போதும். பல கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இணைந்த சட்டத்துக்குப் பொறியாளர்கள் ‘ஃபைனைட் எலிமென்ட்’ முறையைக் கையாளுகின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் 1960-இல் அதற்கு அப்பெயரிட்டார். அமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்து, அவை சேருமிடங்களைக் கணுக்கள் எனக் கொள்வர். பாவும் ஊடையும் கூடித் துணியாவதுபோல, கூறுகளின் விறைப்பெல்லாம் கூடி முழுச் சட்டத்தின் விறைப்பாகிறது. எந்தக் கணு எவ்வளவு இறங்கும், எங்கே தகைவு மிகும் என்பதைக் கணினி கணக்கிட்டுக் காட்டும்.

நம் தட்டில் 40 கிலோவில் 25 கிலோவை நடுத் தாங்கியே ஏற்கிறது. ஆகவே கம்பிகள் அத்தாங்கியின் மேல் அமர்ந்திருத்தல் வேண்டும். அடியில் ஒட்டியிருந்தால் அப்பாரம் முழுவதும் பற்றவைப்புகளிலேயே தொங்கும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நாம் வேறாகக் கூறாதவரை, கணினி எல்லாப் பற்றவைப்புகளும் குறையற்றவை என்றே கொள்ளும். சரியாக ஒட்டாத புள்ளியை அது தானாக அறியாது. எனவே கணக்கோடு சோதனையும் வேண்டும். தட்டைத் தரையருகே நிறுத்தி, 50 கிலோ மணலைச் சிறு மூட்டைகளாகப் பரப்பி, ஒரு நாள் விட்டுவைக்கலாம். இறக்கியபின் கம்பி பழையபடி நிமிர்ந்து, பற்றவைப்பு ஒன்றும் விடாதிருப்பின், நூலை ஏற்றலாம். பணம் கொடுப்பதும் அதன் பிறகே ஆகட்டும்.