பிழையைத் திருத்தியாச்சு... அப்புறம்?



ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்குக் காரில் போயிருக்கீங்களா? வெலிங்டன் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது லெவின் என்ற சின்ன ஊர் வரும். 1999இல் அங்குள்ள ஹோரோஃபெனுவா நூலகங்களுக்கு ஒரு தலைவலி: பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது. கட்டிப்போ என்ற வெலிங்டன் நிறுவனம் புதிதாக ஒன்றை எழுதிக்கொடுத்தது. 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. பிறகு அதைத் திறந்த மூலமாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். பெயர் 'கோஹா'. மாவோரியில் அன்பளிப்பு என்று அர்த்தம். இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இதுதான் ஓடுகிறது.

போன எபிசோடில் பிழையைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசினோம். இன்றைய பாடம்: திருத்தம் எப்படி எல்லோரையும் போய்ச் சேருகிறது?

திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கும் அபராதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒருவர் பிழையைப் பதிகிறார். அதற்கு ஒரு எண் கிடைக்கும்.

2. இன்னொருவர் திருத்தம் எழுதுகிறார். அதை எப்படிச் சோதிப்பது என்றும் படிப்படியாக எழுதி வைக்கிறார்.

3. வேறொருவர் அதன்படி சோதித்து, 'சரி' என்று கையெழுத்து போடுகிறார்.

4. தரச் சோதனைக் குழு மறுபடி பார்க்கிறது.

5. வெளியீட்டு மேலாளர் முதன்மைக் கிளையில் சேர்க்கிறார்.

வேலை முடிஞ்சுதா? இல்லை. பல நூலகங்கள் பழைய பதிப்பில் இருக்குமே! இன்னும் ஆதரவில் உள்ள ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. புதியதிலிருந்து பழையதை நோக்கி, திருத்தம் படிப்படியாக இறங்கும். "என் பதிப்பில் இது வேறு எதையாவது உடைக்குமா?" என்று பார்த்துத்தான் அவர் எடுத்துக்கொள்வார். புது வசதிகளைச் சேர்ப்பது பெரிய பதிப்பின் வேலை. அது மே, நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை. பிழைத்திருத்த வெளியீடு மாதத்துக்கு ஒன்று. 24.05.03 என்றால், 2024 மே பதிப்புக்கு வந்த மூன்றாவது பிழைத்திருத்த வெளியீடு.

ஏன் இவ்வளவு ஒழுங்கு? நூலகர் பயப்படாமல் 'அப்டேட்' அழுத்தணும். அதுக்குத்தான். பாதுகாப்பு ஓட்டை என்றால் இன்னும் கவனம். ஆதரவில் உள்ள எல்லாப் பதிப்புகளுக்கும் திருத்தம் தயாராகும்வரை விவரத்தை வெளியே விடமாட்டார்கள். ஒரு பதிப்பை மட்டும் முதலில் அடைத்தால், மற்ற வீடுகளின் கதவு திறந்திருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொன்ன மாதிரி.

கடைசியாக ஒன்று. மூன்றாம் படியைக் கவனிச்சீங்களா? அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். சோதிக்க ஆள் இல்லாவிட்டால், எழுதி முடித்த திருத்தமும் அங்கேயே காத்துக் கிடக்கும். இந்த வாரம் நீங்க ஒன்றைச் சோதிச்சுப் பாருங்க. உங்க கையெழுத்து மதுரையில் ஒரு மாணவியின் அபராதத்தை நீக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!