எந்த எண்ணை ஃபோல்டர் பெயரில் எழுதுவது?

விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வேலை என்றாலே சென்னைக்கு பஸ் ஏறும் நினைப்புதான் வரும். உள்ளூர் அச்சகங்களுக்கும் நிரல் எழுத ஆள் வேண்டும். காலண்டர், பட்டாசு லேபிள் படங்களை பிளேட் போடும் முன் சரிபார்க்கவும் நிறம் திருத்தவும் வேண்டியிருக்கிறதே. இந்த வேலையை சி மொழியில் செய்யப் போகிறவர் லிப்பிஎன்ஜி, லிட்டில் சிஎம்எஸ் என்ற லைப்ரரிகளைச் சீக்கிரமே சந்திப்பார். சொந்தமாக லைப்ரரி எழுதி, ஹெடர் ஃபைல்களை எங்கே வைப்பது என்று விழிப்பவருக்கு இவ்விரண்டுமே நல்ல பாடம்.

ஹெடர் படிக்கப்படுவது கம்பைல் ஆகும்போது. லைப்ரரி வேலை செய்வது நிரல் ஓடும்போது. பழைய ஹெடரோடு புது லைப்ரரி சேர்ந்தால், போன வருஷ லேபிள் ஒட்டிய பெட்டியில் இந்த வருஷச் சரக்கை அடைத்த கதைதான். கம்பைலர் வாயே திறக்காது. நிரல் ஓடும்போது விழும். லிப்பிஎன்ஜி இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது: படத்தைத் திறக்கும் முன், ஹெடரில் உள்ள பதிப்பு எண்ணை உங்கள் நிரல் லைப்ரரியிடம் நீட்டியாக வேண்டும். ஒத்துவராவிட்டால், எந்தப் பதிப்புக்குக் கட்டியது, எதில் ஓடுகிறது என்று திரையில் சொல்லிவிடும். உங்கள் லைப்ரரியிலும் இதை வையுங்கள்.

2011-இல் வந்த லிப்பிஎன்ஜி 1.5.0, படத்தின் அகலம், உயரம் இருக்கும் ஸ்ட்ரக்சரை மறைத்துவிட்டது. அதை நேரடியாகத் தொட்ட பழைய நிரல்கள் கம்பைல் ஆகவில்லை. மாறியது நடு எண்தான், ஆனாலும் உடைந்தது. இப்படி நடு எண்ணிலேயே உடையக்கூடும் என்பதால், அதன் ஹெடர்கள் லிப்பிஎன்ஜி12, லிப்பிஎன்ஜி16 என்று நடு எண்ணையும் சேர்த்த ஃபோல்டர்களில் உட்காருகின்றன. ஜிடிகே என்ற லைப்ரரியிலோ 3.24 வந்த பிறகும் ஃபோல்டர் பெயர் ஜிடிகே-3.0தான், முதல் எண் மாறாதவரை பழைய நிரல் உடையாது என்பது அவர்கள் கணக்கு. ஆக, எந்த எண் மாறினால் பழைய நிரல் உடையுமோ, அதுவரை எழுதுங்கள். அதற்குமேல் ஒரு எண்ணும் வேண்டாம். சின்னத் திருத்தத்துக்கெல்லாம் பாதை மாறினால் உங்களை நம்பியவர் பாடு திண்டாட்டம்.

லிட்டில் சிஎம்எஸ் வேறு வழியில் போனது. 2010-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஹெடர் ஃபைலின் பெயரையே எல்சிஎம்எஸ்2 என்று மாற்றிவிட்டார்கள். இரண்டு பதிப்பும் ஒரே மெஷினில் சண்டையில்லாமல் இருக்கும். ஒன்றிரண்டு ஹெடர் என்றால் எனக்கும் இதுவே பிடிக்கும். நாற்பது ஹெடர் இருந்தால் ஃபோல்டர் வழியே உத்தமம்.

ஃபோல்டரில் எழுதிய அதே எண் லைப்ரரி பெயரிலும் பிகேஜி-கான்ஃபிக் ஃபைல் பெயரிலும் வர வேண்டும். பாதையைக் கையால் அடிக்க விடாதீர்கள், பிகேஜி-கான்ஃபிக்கே சொல்லட்டும். மெஷினுக்கு மெஷின் மாறும் ஹெடரைத் தனியே வையுங்கள்: ஜிலிப் என்ற லைப்ரரி தன் கான்ஃபிக் ஹெடரை மற்றவற்றோடு சேர்க்காமல், லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டருக்குள் போடுகிறது.

வெளியிடும் முன், டெஸ்ட்டிர் கொடுத்து ஒரு காலி ஃபோல்டருக்குள் இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு அங்குள்ள ஒவ்வொரு ஹெடரையும் தனித்தனியே ஒரு வெற்று நிரலில் சேர்த்து கம்பைல் செய்யுங்கள். உள்வேலைக்கான ஹெடர் எதையாவது அது தேடினால், அங்கேயே மாட்டிக்கொள்ளும்.