புதன்கிழமை கிளம்புங்கள்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். பணி ஓய்வு பெற்ற தம்பதிக்கு வருஷத்தின் அத்தனை புதன்கிழமையும் கிடைத்துவிடுகிறது. செவ்வாயும் வியாழனும் கூடவே வருகின்றன. அப்படியிருந்தும் நம்மில் பலர் சனிக்கிழமை காலையில்தான் பெட்டியைத் தூக்குகிறோம், மே மாதத்தில்தான் மலை ஏறுகிறோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு உண்டு. பள்ளிக்கூடம் நடக்கிற மாதத்தில், வாரத்தின் நடுவில் கிளம்புங்கள். அறை வாடகையும் குறையும், கோயிலில் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கவும் இடம் இருக்கும்.

இன்னொன்று. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ உங்கள் இருவருக்காக மட்டும் ஓர் ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் திருச்சிவாசிகள். மகள் பெங்களூரில், மகன் சென்னையில், சம்பந்தி கும்பகோணத்தில். எங்கள் வருஷத்தை அப்படித்தான் பின்னிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் உங்கள் ஊரை நடுவில் வைத்துப் பின்னிக்கொள்ளலாம்.

பள்ளி திறந்தபின், ஆனியில் முதல் பயணம் குற்றாலம். இதில் எனக்கு வேறு அபிப்பிராயமே கிடையாது; தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து திருச்சி வழியாகச் செங்கோட்டை போகும் பகல் ரயிலில் ஏறுங்கள். மணப்பாறையில் முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் மலை கூடவே வரத் தொடங்கும். தென்காசியில் இறங்கும்போது முகத்தில் அந்த ஈரக்காற்று அடிக்குமே, அதற்காகவே எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து வரலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். டவுன் பஸ் அடிக்கடி உண்டு.

பேரருவிக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பாறை வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலேயே நில்லுங்கள். நடுவில் விழும் தண்ணீர் முதுகில் கல்லைப் போட்டது மாதிரி இறங்கும், அது வாலிபர்களுக்கு. ஓரத்துத் தண்ணீர் தோளைப் பிடித்துவிடும். என் மனைவிக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். அருவியை விட்டு வெளியே வந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நாளைக்கும் இருந்துட்டுப் போலாமா?" என்றாள். இருந்தோம். மலையில் பலத்த மழை பெய்து தண்ணீர் பெருகினால் குளிக்க விடமாட்டார்கள்; காவலர்கள் விசில் அடித்தால் மறுபேச்சுப் பேசாமல் வெளியேறுங்கள்.

குளித்துவிட்டு அப்படியே அறைக்குத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சித்திரசபை இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். வார நாளில் போனால் நீங்கள் இருவர் மட்டும்தான் நிற்பீர்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாக இருங்கள். ஒவ்வொரு உருவமாகச் சுவரிலிருந்து வெளியே வரும். திரும்பும்போது சாலையோரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்குங்கள். பிரானூர் பார்டர் பரோட்டாவை மதியமே சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரி வேண்டாம், நம் வயசுக்கு ஆகாது.

ஆவணி, புரட்டாசியில் ராமேஸ்வரம் போகலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. பகலில் கடக்கிற ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். இருபுறமும் கடல், நடுவில் செங்குத்தாக மேலே தூக்கும் இரும்புப் பகுதி. கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். தூண்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும்.

ஆனால் அக்னி தீர்த்தக் கரையில் கவனமாக இருக்கவேண்டும். எங்களுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வண்டியை விட்டு இறங்கியதும் ஒருவர் வந்தார். "பெரியம்மா, பையைக் கொடுங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்று அத்தனை பணிவாகப் பேசினார். தர்ப்பணத்துக்கு ஒரு தொகை சொன்னார், நியாயமாகத்தான் இருந்தது. கடலில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தகப்பனார் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "இதுக்குத் தனி, அதுக்குத் தனி" என்று ஆரம்பித்தார். முதலில் சொன்னதைப்போலப் பல மடங்கு. கொடுக்காவிட்டால் காரியம் பூர்த்தியாகாது, பித்ருக்கள் பசியோடு திரும்புவார்கள் என்றார். கடற்காற்றில் என் மனைவி ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள், மாற்றுப்புடவை இருந்த பை அவர் கையில். இறந்தவர்கள் மேல் நாம் வைத்திருக்கிற அன்பைப் பிடித்து முறுக்குகிறவர்களை என்னவென்று சொல்வது? எதிரே தேநீர்க் கடையில் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, "ஏன்யா, வயசானவங்ககிட்டயா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் பை எங்கள் கைக்கு வந்தது.

அதனால் சொல்கிறேன். பையை யாரிடமும் கொடுக்காதீர்கள். தண்ணீரில் கால் வைக்கும் முன்பே, மொத்தம் எவ்வளவு என்று இரண்டு பேர் காதில் விழும்படி கேட்டு முடிவு செய்யுங்கள். தங்கும் விடுதிக்காரரிடம் தெரிந்த சாஸ்திரிகளைச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் சீட்டு கொடுக்கிறார்கள். அதை நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு ஆயுள் சான்றிதழ் வேலை இருக்கும். முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இப்போது செல்பேசியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். எண்பது வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

கார்த்திகையில் பெங்களூர். இந்த மாதத்தை நாங்கள் வேண்டுமென்றே பிடித்துவைத்திருக்கிறோம். கன்னடக் கார்த்திகை மாசக் கடைசித் திங்கட்கிழமை, பசவனகுடி பெரிய நந்தி கோயிலைச் சுற்றி நிலக்கடலைச் சந்தை கூடுகிறது. கடலேகாய் பரிஷே என்பார்கள். அந்த வட்டாரத்து விவசாயிகள் முதல் விளைச்சலை நந்திக்குக் கொடுப்பதில் தொடங்கிய திருவிழா. சாலையோரம் முழுக்கக் கடலை மலைபோல் குவிந்து கிடக்கும். வறுத்தது, அவித்தது, மண் ஒட்டிய பச்சைக் கடலை. ஒவ்வொரு குவியலிலும் ஒன்று உரித்து வாயில் போட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காலையில் போங்கள், சாயங்காலம் நடக்க முடியாது. லால்பாக் மலர்க் கண்காட்சியா? வேண்டாம். பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும்.

மகள் வீட்டில் இருந்துவிட்டு நாங்கள் மைசூர் போய்விடுவோம். தசரா முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும். அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சோமநாதபுரம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வாடகைக் கார்தான் நமக்குச் சௌகரியம். 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தளபதி சோமநாதர் கட்டிய கேசவர் கோயில். 2023-இல் பேலூர், ஹளேபீடோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. பேலூருக்குப் போகிற அளவு கூட்டம் இங்கே வருவதில்லை.

வெளிச்சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் யானை வரிசை, அதற்குமேல் குதிரை வீரர்கள், அதற்குமேல் கொடிகள், அதற்கும் மேலே ராமாயணம், பாரதம், பாகவதம். மண்டபத்துக்குள் தலையைத் தூக்கினால் விதானத்தில் கல் வாழைப்பூ தொங்கும். ஒன்றில் மொட்டாக, இன்னொன்றில் மடல் விரிந்து. வேணுகோபாலன் சன்னதியில் குழலூதும் விரல்களைப் பாருங்கள். மல்லிதம்மா என்ற சிற்பி தாம் செதுக்கிய சிலைகளில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். காவலாளியிடம் கேட்டால் காட்டுவார். முழங்கால் வலிக்காரர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: மலையேற்றம் கிடையாது, சில படிகள்தான்.

பிள்ளைகள் வீட்டில் தங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். பரீட்சை வாரத்தில் போகாதீர்கள். வருகிற தேதியைவிடத் திரும்புகிற தேதியை முதலில் சொல்லிவிடுங்கள். மருமகள் முகத்தில் ஒரு தெளிவு வரும், அதில் தப்பே இல்லை. அவளுக்கும் அலுவலகம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரம் உங்களுக்கு ஊர் சுற்றும் நேரம். காலையில் அவர்களை வேனில் ஏற்றிவிட்டுக் கிளம்பி, வேன் திரும்புவதற்குள் வந்துவிடுங்கள். "அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் மருமகள், இப்போது "இன்னிக்கு எங்கே போறீங்க, அத்தை?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறாள்.

மார்கழி சென்னைக்கு. திருச்சியிலிருந்து பல்லவனில் பகலிலேயே போய்விடலாம். தாம்பரத்தில் இறங்குங்கள், எழும்பூர்வரை போகவேண்டியதில்லை. சபாக்களில் மதிய நேரத்து இளங்கலைஞர் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் இல்லை. அவைதான் எனக்குப் பிடித்தவை. அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், பாடுகிற பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும், ஒரு நல்ல தோடிக்கு நாம் தலையாட்டினால் அவள் முகம் மலர்வது நம் இடத்திலிருந்தே தெரியும். பெயர்பெற்றவர்களின் மாலைக் கச்சேரிக்கு வரிசையில் நின்று கால் வீங்குவதைவிட இது எவ்வளவோ மேல். இடைவேளையில் சபா கேன்டீன்.

சங்கீதத்தில் நாட்டமில்லாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. செப்புச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார்கள். அர்த்தநாரீசுவரரின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் தனித்தனியாகக் கையால் மறைத்துப் பாருங்கள். வேடந்தாங்கலும் இந்த மாதத்தில்தான். மாமல்லபுரம் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காணும் பொங்கலன்று கடற்கரை வேண்டவே வேண்டாம்.

மாசியில் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குக் கும்பகோணம் போனால், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு நடை. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கடலை ஒட்டி. 1706-இல் மதபோதகர் சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இங்கேதான். பஸ்ஸை விட்டு இறங்கி வாசல் வளைவுக்குள் நுழைந்தால் ஒரே தெரு, நேராகக் கடலுக்குப் போகிறது. நாலு மணிக்குப் போங்கள்.

செலவு, போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக: ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோயிற்று. ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது ஆகியிருக்கவேண்டும், ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து இருவர் செல்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் காரில் போனால் இ-பாஸ் வேண்டும். ஏப்ரல், மே மாதம் இரண்டு ஊருக்கும் போகவே போகாதீர்கள். மலைப்பாதையில் வண்டிக்குள் உட்கார்ந்தே பகல் போய்விடும்.

கோடையில் நாங்கள் எங்கும் போவதில்லை. பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை மலைக்கோட்டைக்குக் காலை ஆறு மணிக்கே அழைத்துப் போங்கள். வெயில் ஏறினால் பாறைப்படி சுடும். முக்கொம்புக்கு மாலையில் புளிசாதமும் வடகமும் கட்டிக்கொண்டு போகலாம், மரநிழல் தாராளம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, அதில் ஒரு பகுதி 2018 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபின் புதிதாகக் கட்டிய கதவணை என்று இரண்டையும் காட்டிக் கதை சொல்லலாம். கல்லணையைத் தண்ணீரோடு பார்க்கவேண்டுமென்றால் மேட்டூர் திறக்கவேண்டும். வழக்கமான தேதி ஜூன் 12. அதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடுகிறது. ஆடிப்பெருக்கு வார நாளில் வந்தால் ஒருநாள் லீவு போட்டு அனுப்பச் சொல்லி மகனிடம் இப்போதே பேசி வையுங்கள்.