பித்தளை வட்டில் ஓர் எண்

மாணவர்களே, சுவீடனில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் மூஸ் வேட்டை நடைபெறும். மூஸ் என்பது குதிரையளவு உயரம் வளரும் காட்டு மான். உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுள் சிலர் இன்றும் தாத்தா காலத்துத் துப்பாக்கியுடன்தான் காட்டுக்குச் செல்கிறார்கள். அவற்றுள் புகழ்பெற்றது, 1896-ஆம் ஆண்டு மாதிரியான சுவீடன் மௌசர். முதலில் படைவீரர்களுக்காகச் செய்யப்பட்ட இவற்றுள் பல, பின்னாளில் வேட்டைத் துப்பாக்கிகளாக மாற்றப்பட்டன. ஹுஸ்க்வர்னா தொழிற்சாலையும் மௌசர் அமைப்பில் வேட்டைத் துப்பாக்கிகளைத் தயாரித்தது.

பழைய படைத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், விவரம் அறிந்த சேகரிப்பாளர் அதன் மரக்கட்டையில் ஒரு சிறிய பித்தளை வட்டு இருக்கிறதா என்று தேடுவார். அதில் குழலின் உள்விட்டம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை குறிக்கப்பட்டிருக்கும். இவ்வகைத் துப்பாக்கியின் பெயரளவு 6.5 மி.மீ. சுடச்சுடக் குழல் தேய்ந்து விட்டம் கூடும். விட்டம் கூடினால் குறி தவறும். குறி தவறினால் விலங்கு உடனே இறக்காமல் காயத்தோடு ஓடித் துன்புறும். ஆகவே 0.01 மி.மீ. வேறுபாடுகூட அற்பமானதன்று.

நம் தலைமுடியின் தடிப்பே ஏறத்தாழ 0.07 மி.மீ. அப்படியிருக்க, 0.01 மி.மீட்டரை அக்காலத்தில் எப்படி நம்பிக்கையோடு அளந்தார்கள்?

தாழ்ப்பாளும் அளவும்

இத்துப்பாக்கியின் இயக்கம் கதவுத் தாழ்ப்பாளைப் போன்றது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே வரும். முன்னால் தள்ளி இறக்கினால் புதிய தோட்டா உள்ளே சென்று தாழ் பூட்டிக்கொள்ளும். பூட்டிய தாழுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இடைவெளி அளவுக்கு மீறினால், சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை கிழியக்கூடும். இதனால்தான் தாழிலும் பிற பாகங்களிலும் உள்ள வரிசை எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று சேகரிப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால், வல்லுநர் அளந்து பார்க்கும்வரை அத்துப்பாக்கியால் சுடமாட்டார்கள்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்க்க அளவுக்கட்டைகள் தேவைப்பட்டன. அளவுக்கட்டை என்பது குறிப்பிட்ட நீளத்துக்கு மிகத் துல்லியமாகத் தேய்த்த எஃகுத் துண்டு. நூற்றுக்கணக்கான அளவுகளுக்கு நூற்றுக்கணக்கான கட்டைகள் என்றால் செலவும் காலமும் மிகுதி.

ரயிலில் பிறந்த கணக்கு

எஸ்கில்ஸ்துனா நகரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் (1864–1943) பரிசோதகராக இருந்தார். மௌசர் தயாரிப்பு முறையை அறிய அவர் ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து ரயிலில் திரும்பும்போது அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது: ‘ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கட்டை எதற்கு? சில கட்டைகளை அடுக்கியே வேண்டிய அளவைப் பெறலாமே!’

1896-இல் அவர் வகுத்த தொகுதியில் 102 கட்டைகள் இருந்தன:

• 1.01 முதல் 1.49 மி.மீ. வரை, 0.01 இடைவெளியில் 49 கட்டைகள்
• 0.5 முதல் 24.5 மி.மீ. வரை, 0.5 இடைவெளியில் 49 கட்டைகள்
• 25, 50, 75, 100 மி.மீ. என 4 கட்டைகள்

இவற்றைக் கொண்டு ஏறத்தாழ 20,000 வெவ்வேறு அளவுகளை உருவாக்கலாம். எடுத்துக்காட்டாக, 43.67 மி.மீ. வேண்டும் என்போம். கடைசி இலக்கத்தை முதலில் தீர்க்க வேண்டும். தொகுதியில் 1.67 இல்லை, 1.17 உண்டு. 43.67 – 1.17 = 42.50. இனி 25, 17.5 ஆகிய இரண்டும் போதும். மூன்றே கட்டைகளில் வேலை முடிந்தது.

குழலை அளக்க, அதற்குள் நுழையும் உருளை வடிவ அளவுத் தண்டுகள் பயன்படும். 6.52 மி.மீ. தண்டு உண்மையிலேயே 6.52 தானா? 1.02, 5.5 கட்டைகளை அடுக்கி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அடுக்கும்போது கட்டைகளின் பிழைகளும் கூடும் என்பதை மறவாதீர்கள். எனவே ஒவ்வொரு கட்டையும் மிகமிகத் துல்லியமாக இருக்க வேண்டும். யோஹான்சன் தம் மனைவியின் தையல் இயந்திரத்தையே மாற்றியமைத்து, வீட்டில் கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றினார். அவ்வளவு சமதளமான இரு பரப்புகளை அழுத்தித் தேய்த்து இணைத்தால், பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பும், பரப்பிலுள்ள மெல்லிய எண்ணெய், ஈரப் படலமும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

வெயிலில் நீளும் எஃகு

எஃகு சூட்டில் விரியும். 1 பாகை செல்சியஸ் கூடினால் 1 மீட்டர் எஃகு ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும். நீள அளவீட்டுக்கு உலகம் ஏற்ற நிலையான வெப்பநிலை 20 பாகை. நம் ஊரில் 30 பாகை வெப்பமுள்ள அறையில் 100 மி.மீ. கட்டையை வைத்தால் என்னாகும்?

0.1 மீட்டர் × 10 பாகை × 0.0115 = 0.0115 மி.மீ.

பித்தளை வட்டு சொல்லும் நூற்றில் ஒரு பங்கை இந்தச் சூடே விழுங்கிவிடும்! ஆனால் அளக்கப்படும் பொருளும் அதே வகை எஃகாக இருந்து, இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், இரண்டும் ஒரே விகிதத்தில் விரியும், ஒப்பீடு கெடாது. கட்டையை நெடுநேரம் கையில் பிடித்திருந்தால் அது மட்டும் சூடேறிப் பிழை வரும்.

துப்பாக்கிக்காகப் பிறந்த இக்கட்டைகள் விரைவில் கார்த் தொழிலுக்கும் சென்றன. யோஹான்சன் 1923-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றும் உலகெங்கும் பட்டறைகளும் அளவீட்டுக் கூடங்களும் தங்கள் கருவிகளை இத்தகைய கட்டைகளைக் கொண்டே சரிபார்க்கின்றன.

பழம்பொருளை மதிப்பது என்றால் அதைப் பளபளக்கத் துடைத்து மாட்டி வைப்பது மட்டுமன்று. அதில் பொறித்த ஒரு சிறிய எண்ணைப் படித்து, அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் அறிவையும் உணர்வதே உண்மையான மதிப்பு. அடுத்த முறை அறிவியல் கூடத்தில் மைக்ரோமீட்டரைத் திருகும்போது, அது காட்டும் 0.01 மி.மீட்டரைச் சற்று மரியாதையோடு பாருங்கள்.

முயன்று பாருங்கள்

102 கட்டைத் தொகுதியிலிருந்து மும்மூன்று கட்டைகளால் இவ்வளவுகளை உருவாக்குங்கள்:
1) 58.24 மி.மீ.
2) 90.81 மி.மீ.

விடை: 1) 1.24 + 7 + 50   2) 1.31 + 14.5 + 75