ஆட்சேபணை எழுதக் கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

கரண்ட் பில் ஏறினால் வீட்டில் புலம்புகிறோம், டீக்கடையில் திட்டுகிறோம், அதற்கு மேல் நம்மால் என்ன செய்ய முடியும் பெரியப்பா என்று கேட்டிருந்தாய். எழுத முடியும். எழுதியதைப் படித்துப் பரிசீலித்தே ஆக வேண்டிய ஓர் இடம் இருக்கிறது.

மின்வாரியம் தன் விருப்பத்துக்குக் கட்டணத்தை உயர்த்திவிட முடியாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, முதலில் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுப் போட வேண்டும். மனுவின் சுருக்கத்தை மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். வந்து சேரும் யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்து, 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போடும். மனுவைத் திருத்தி ஏற்கலாம். காரணத்தை எழுதி வைத்துத் தள்ளவும் செய்யலாம்.

2022இல் இப்படித்தான் நடந்தது. ஜூலையில் மனு, ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம், செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம். எட்டு ஆண்டுகளாக உயர்த்தவில்லை, மின்வாரியத்தின் கடன் 1.59 லட்சம் கோடி ரூபாய் என்றது அரசுத் தரப்பு. அதில் பொய் இல்லை. கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டதும் தவறுதான். ஆனால் அந்தப் பாரம் யார் தலையில் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் ஊர்ப் பட்டறைகளையே பார். 112 கிலோவாட் இணைப்பு வைத்திருந்தவர் அதுவரை கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய் வீதம் 3,920 ரூபாய் நிலைக்கட்டணம் கட்டினார். உத்தரவுக்குப் பிறகு கிலோவாட்டுக்கு 150 ரூபாய், அதாவது 16,800. ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்றாலும் இந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். அடுத்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுக்கச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தது இந்தக் கோபத்தில்தான்.

வீட்டுக் கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 2022 உத்தரவின்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு 2.25 ரூபாய் வீதம் 225. அடுத்த 200க்கு 4.50 வீதம் 900. கடைசி 100க்கு 6 வீதம் 600. ஆக 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 சலுகை பறிபோய்விடும். 1,350, 600, 8 என்று கூட்டினால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தள்ளி வந்தாலே பல வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மாதாமாதம் கணக்கெடுக்கச் சொல்லி மக்கள் கேட்பது இதனால்தான். 2021 தேர்தலில் தி.மு.க. அதை வாக்குறுதியாகவே கொடுத்தது.

ஆகவே ஆட்சேபணையில் "கட்டணம் அதிகம், குறையுங்கள்" என்று மட்டும் எழுதாதே. அப்படி எழுதினால் ஒற்றை வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். மனுவில் இருக்கும் செலவு அட்டவணையைத் தேடிப் பிடி. வெளியில் வாங்கும் மின்சாரம் என்ன விலைக்கு? வழியில் இழப்பாகும் மின்சாரம் எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்தார்கள்? எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையத்துக்கு 2014இலேயே பணி ஆணை கொடுத்தார்கள். 2022 மனு வந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. இப்படித் தாமதத்தில் குட்டி போடும் வட்டி, நிலையம் ஓடத் தொடங்கும்போது திட்டச் செலவோடு சேர்ந்து நம் பில்லுக்கு வரப் பார்க்கும். அதில் எவ்வளவை ஏற்பது என்று முடிவு செய்வது ஆணையம். அங்கே கேள்வி கேள். மனு எண், பக்க எண், உன் கணக்கு, உன் கோரிக்கை: இரண்டு பக்கம் போதும். தமிழிலேயே எழுது.

இத்தனை பேர் பேசியும் 2022இல் கட்டணம் ஏறத்தானே செய்தது என்பாய். ஏறியது. ஆனாலும் பதிவாகிய ஆட்சேபணை கோப்பில் நிற்கும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவருக்கு அது பிடிமானம். பேசாதவர் பெயரில் அங்கே ஒரு தாளும் இருக்காது.

அந்த 2022 உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசி உயர்வு விகிதம் அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக ஏறும். 2024இல் 4.83 சதவீதம் ஏறியது அப்படித்தான். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்கவில்லை. இந்த ஏற்பாடு 2026-27 வரை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மறுபடி மனு வந்தாக வேண்டும், மறுபடி நம்மைக் கேட்டாக வேண்டும். இப்போதே வீட்டில் மீட்டர் ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையை எடுத்து, ரீடிங் எடுத்த தேதிகளையும் யூனிட்டுகளையும் ஒரு நோட்டில் குறித்து வை. கூட்டம் அறிவித்ததும் சொல், சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
பெரியப்பா