தங்கச்சியோட காலேஜ் அப்ளிகேஷனுக்கு 'ப்ரொஃபைல்' பேக்கேஜ் வாங்கலாமா?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டாக்ஸும் இல்ல. உங்க சம்பளத்துல இருந்து வீட்டுக்குப் போற பணத்தைப் பத்திப் பேசப் போறோம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பல வீடுகள்ல மாசச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நீங்கதான். அப்பா அம்மா தீப்பெட்டி ஆபீஸ்லயோ, பட்டாசு ஆலையிலயோ, பிரிண்டிங் பிரஸ்லயோ வேலை பார்த்து உங்களைப் படிக்க வச்சிருப்பாங்க. இப்போ தங்கச்சி பிளஸ் ஒன். "மார்க் மட்டும் போதாதாம், ப்ரொஃபைல் வேணுமாம், ஒரு பேக்கேஜ் 40,000 ரூபாயாம்"னு வீட்ல இருந்து போன் வருது. ரோபோடிக்ஸ் கிளாஸ், ஆன்லைன் இன்டர்ன்ஷிப், லீடர்ஷிப் சர்டிபிகேட் எல்லாம் அதுல சேர்த்தி. கட்டலாமா?

பதில் சொல்றதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்தக் காலேஜுக்கு அப்ளை பண்ணப் போற?"

மார்க் மட்டும் பார்க்கிற இடங்கள்

தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கட்-ஆஃப் மொத்தம் 200. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சதுக்கோ, பேச்சுப் போட்டியில ஜெயிச்சதுக்கோ பொதுப் பிரிவுல அரை மார்க் கூட ஏறாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனா அதுக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகள்ல வாங்கின சான்றிதழ் வேணும். மூணு நாள் ஆன்லைன் வகுப்புச் சான்றிதழ் அங்க செல்லாது.

தங்கச்சி இந்த வழியிலதான் போறான்னா, அந்த 40,000 ரூபாயால அட்மிஷனுக்கு ஒரு பயனும் இல்ல. அவ ஆசைக்காக ஒரு கிளாஸ் போறது வேற விஷயம். அதை அட்மிஷன் செலவுன்னு நினைச்சுக் கட்டாதீங்க.

ஆக்டிவிட்டியையும் பார்க்கிற இடங்கள்

நம்ம மாநிலத்துலயே ஐஐடி மெட்ராஸ் இருக்கு. 2024-25ல விளையாட்டுக்கும், 2025-26ல நுண்கலைக்கும் அறிவியல் ஒலிம்பியாடுக்கும் அங்க தனி வழி திறந்தாங்க. ஒவ்வொரு பாடப்பிரிவுலயும் 2 இடம், அதுல 1 பெண்களுக்கு மட்டும். விளையாட்டு வழியில போக, கடைசி நாலு வருஷத்துல தேசிய அல்லது சர்வதேச அளவுல ஒரு பதக்கமாவது இருக்கணும். விளையாட்டுக்கும் கலைக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க்கும் கட்டாயம். அதனால பல வருஷமா ஒரே விஷயத்துல உழைச்சவங்களுக்குத்தான் இந்த வழி.

பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துல நுழைவுத் தேர்வுக்கு அப்புறம் நேர்காணல் இருக்கு. அங்க உட்கார்ந்து பேசுறப்போ, தான் நிஜமா செஞ்ச வேலையைப் பத்தித்தான் நிறுத்தாம பேச முடியும்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தை வாங்குது. அதுல அதிகபட்சம் 10 ஆக்டிவிட்டி எழுதலாம். ஒவ்வொண்ணையும் விவரிக்க 150 எழுத்துதான் இடம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம்னும் கேப்பாங்க. அந்தப் பட்டியல்ல 'குடும்பப் பொறுப்புகள்', 'சம்பளத்துக்குச் செஞ்ச வேலை'னு தனி வகைகளே இருக்கு. அம்மா வேலைக்குப் போன நேரத்துல தம்பியைப் பார்த்துக்கிட்டு, சமைச்சு வச்சுட்டு ஸ்கூலுக்குப் போற பொண்ணு அதை அப்படியே எழுதலாம். நம்ம ஊர்ப் பிள்ளைங்க பலருக்கு இது தெரியாததால, இருக்கிறதை விட்டுட்டு இல்லாததைக் காசு கொடுத்து வாங்குறாங்க.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ரெண்டு வரியைப் பாருங்க.

"சமூக சேவையில் ஈடுபட்டேன், தலைமைப் பண்பு வளர்ந்தது."

"தெருவில் 6 பிள்ளைகளுக்கு, 2 வருடமாக, வாரம் 4 மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்."

ரெண்டாவதுல யாருக்கு, எவ்வளவு நாள், எவ்வளவு நேரம்னு எல்லாம் இருக்கு. செலவு ஒரு பெட்டி சாக்பீஸ். எந்த ஆக்டிவிட்டியா இருந்தாலும் இப்படி ஒரு வரி எழுத முடியுமான்னு முதல்ல பாருங்க. முடியலைன்னா அதை விட்டுடலாம்.

நம்ம பகுதியில இருந்தே எடுக்கலாம். உயிரியல் பிடிச்ச பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துலயே 2021ல அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம் இருக்கு. காட்டுக்குள்ள போகாம, ஊர்க் கண்மாய்ல வர்ற பறவைகளை வாராவாரம் எண்ணி எழுதினாலே ஒரு வருஷத்துல நல்ல பதிவேடு ஆயிடும். வேதியியல்ல ஆர்வம்னா, 2018ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் பட்டாசுத் தொழில் பசுமைப் பட்டாசுக்கு ஏன் மாறுச்சுன்னு படிச்சு ஒரு ஆய்வு செய்யலாம். அதை தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாநிலத்துல நடத்துற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக் கொண்டு போகலாம். அது 10 முதல் 17 வயசு வரைக்கும்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்து நம்ம ஊர்ல யாருக்கும் மறக்காது. தீக்காயம் பட்டா இங்க், டூத்பேஸ்ட் தடவாம, ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். இதைத் தெருத் தெருவா சொல்லிக் கொடுக்கிறதும் ஒரு ஆக்டிவிட்டிதான். இந்த ஊருக்கு அது ரொம்ப தேவை.

ஒரு எச்சரிக்கை. 'வேலை அனுபவம்'னு சொல்லி 18 வயசு ஆகாத பிள்ளையைப் பட்டாசு ஆலைக்கு அனுப்பாதீங்க. 2016ல திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, வெடிபொருள் சம்பந்தப்பட்ட தொழில்ல 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களை வேலைக்கு வைக்கவே கூடாது.

அப்போ அந்தப் பணம்?

பேக்கேஜுக்குப் பதிலா மாசம் 3,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்த்து 24 மாசம். நீங்க கட்டுறது 72,000. வட்டி 6.5 சதவீதம்னு வச்சுக்கிட்டா முடிவுல கையில சுமார் 77,000 வரும். நுழைவுத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், நேர்காணலுக்குப் போய் வர்ற பஸ் செலவு, முதல் செமஸ்டர் ஹாஸ்டல் அட்வான்ஸ், இதுக்கெல்லாம் கடைசி நேரத்துல வட்டிக்கு வாங்காம சமாளிக்கலாம். ஏற்கெனவே கிரெடிட் கார்டு பாக்கி வச்சிருக்கீங்கன்னா, முதல்ல அதை அடைச்சுட்டு ஆரம்பிங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போடுறப்போ தங்கச்சியை ஒரு பேப்பர் எடுக்கச் சொல்லுங்க. சேர நினைக்கிற 5 காலேஜ் பேரை எழுதட்டும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல, அந்தக் காலேஜோட அட்மிஷன் பக்கத்தைப் பார்த்து, மார்க் மட்டுமா, இன்டர்வியூ உண்டா, ஆக்டிவிட்டி கேக்குறாங்களான்னு குறிக்கட்டும். அரை மணி நேர வேலை. அஞ்சுமே மார்க் மட்டும்னு வந்தா, பேக்கேஜ் விக்கிறவருக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு ஆர்.டி.யை ஆரம்பிச்சுடுங்க. ஆர்.டி.யா, லிக்விட் ஃபண்டாங்கிற கேள்விக்கு அடுத்த வீடியோவுல வர்றேன்.